மலைநாட்டில் இடியும் மின்னலும்: எப்பருவத்தில், எவ்வேளையில், ஏன்?

மழையைப் பற்றிக் கமக்காரருக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை. ஆயினும் ஒரு விடயத்தை நீங்கள் எண்ணிப் பார்த்திருப்பீர்கள். யூன் மாதத்தில் அட்டன், வட்டவளை, கினிகத்தேனைப் பகுதிகளில் நாட்கணக்காக மழை பெய்கின்றது. கான்கள் நிறைந்து ஓடுகின்றன. ஆனால் இடியோசை கேட்பது அரிது. ஏப்ரல் மாதத்திலோ காலையில் வானம் தெளிந்திருக்கும். மத்தியானச் சோறு உண்டு முடியுமுன் மலைமுகட்டில் வெண்முகில் தலைதூக்கும். இரண்டு மூன்று மணியளவில் மலை அதிர இடி இடிக்கும். மாலையாகுமுன் எல்லாம் ஓய்ந்துவிடும். விடாமழைக் காலத்தில் இடி இல்லை. சிலமணி நேர மழைக்காலத்தில் இடி மிகுதி. இதற்குக் காரணம் யாது?

இக்காரணத்தை அறிந்தவர், திறந்த மலைச்சரிவில் எவ்வேளையில் வேலை செய்யலாம், எவ்வேளையில் கூடாது என்பதைத் தாமே தீர்மானிக்க வல்லவராவர். இலங்கையில் ஆண்டுதோறும் மின்னல் தாக்கி இறப்போருள் வயலிலும் தோட்டத்திலும் வேலை செய்வோர் பலர். ஆதலால், நுவரெலியா மாவட்டத்தின் நெற்செய்கையாளரையும், மரக்கறிச் செய்கையாளரையும், தோட்டத்து லயங்களை அடுத்த சிறு நிலங்களிற் பயிரிடுவோரையும் முன்னிட்டு இத்துண்டுப்பிரசுரம் எழுதப்படுகின்றது.

இடிமுகில் எழுவதற்கு வேண்டுவன

எல்லா முகிலும் இடிமுகில் அன்று. காலையிற் பள்ளத்தாக்கை மூடி நிற்கும் மூடுபனியும் ஒரு வகை முகிலே. அதில் மின்னல் பிறப்பதில்லை. இடிமுகில் என்பது மிக உயரமான முகில். நமது நாட்டுக்கு மேலே ஏறக்குறைய 5 கிலோமீற்றர் உயரத்திலேதான் காற்றின் வெப்பநிலை நீர் உறையும் நிலைக்குக் குறைகின்றது. நாட்டின் மிகவுயர்ந்த சிகரமாகிய பீதுருதாலகாலையின் உயரம் 2,524 மீற்றர். அதுபோல் இன்னொரு மலையை அதன்மேல் வைத்தால் எவ்வளவு உயரமோ, அவ்வளவு உயரத்தில் உறைநிலை இருக்கின்றது என்று கொள்ளலாம். இடிமுகில் அம்மட்டத்தையும் கடந்து 10, 12 கிலோமீற்றர் வரையும், சிலவேளைகளில் 15 கிலோமீற்றருக்கு மேலும் வளர்கின்றது.

இவ்வளவு உயரத்துக்கு முகிலைத் தள்ளுவது எது? கேத்தலின் வாயிலிருந்து வரும் நீராவி கையிற் பட்டால் கொதிநீரிலும் கடுமையாகச் சுடுவதை நீங்கள் அறிவீர்கள். நீரை ஆவியாக்குவதற்கு அடுப்புக் கொடுத்த வெப்பம் அந்த ஆவிக்குள் மறைந்து நிற்கின்றது. ஆவி மீண்டும் நீராகும்போது அம்மறைவெப்பம் வெளிப்படுகின்றது. வானிலும் இதுவே நடைபெறுகின்றது. வெயிலாற் சூடான ஈரக்காற்று மேலெழும்போது விரிந்து குளிர்கின்றது. ஒரு கட்டத்தில் அதிலுள்ள ஆவி ஒடுங்கி நீர்த்துளிகளாகின்றது. அப்போது வெளிப்படும் மறைவெப்பம் அக்காற்றைச் சுற்றியுள்ள காற்றிலும் சூடாக வைத்திருப்பதால், அது மேலும் மேலும் எழுகின்றது. ஒருமுறை தொடங்கிவிட்டால் முகில் தன் வெப்பத்தாலேயே தன்னை வளர்த்துக்கொள்கின்றது.

ஆகவே இடிமுகிலுக்கு நிலத்தருகே ஈரமும் வெப்பமும் வேண்டும். மேலே குளிர்ந்த காற்று வேண்டும். இவை மட்டும் போதா. மேலெழும் முகிலைப் பலத்த காற்றுப் பக்கவாட்டில் அடித்துச் செல்லாதிருக்கவும் வேண்டும். இம்மூன்றாவது நிபந்தனையைப் பலர் கவனிப்பதில்லை. நமது மலைநாட்டிற் பருவத்துக்குப் பருவம் இடி வேறுபடுவதற்கு இதுவே பெருங்காரணம்.

முகிலுக்குள் மின் பிறக்கும் விதம்

உறைநிலைக்கு மேலே சென்ற முகிலுக்குள் மூன்று பொருள்கள் கலந்திருக்கும். ஒன்று, சிறு பனிக்கட்டிப் பளிங்குகள். இன்னொன்று, உறைநிலைக்குக் கீழே குளிர்ந்தும் உறையாது நிற்கும் நீர்த்துளிகள். மற்றது, அத்துளிகள் ஒட்டி உறைவதாற் பருத்த மென்பனிக்கற்கள். பாரமான மென்பனிக்கற்கள் கீழ்நோக்கி விழ, இலேசான பளிங்குகள் காற்றால் மேலே தூக்கப்படுகின்றன. இரண்டும் மோதி விலகும்போது, பெரும்பாலும் மென்பனிக்கல் மறை மின்னேற்றத்தையும் பளிங்கு நேர் மின்னேற்றத்தையும் பெறுகின்றன. யப்பானிய ஆய்வாளர் தகாகாசி 1978-ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வுகூடச் சோதனைகள் இம்மோதல்களின் விளைவைத் தெளிவாகக் காட்டின. இவ்வாறு முகிலின் உச்சியில் நேர் மின்னேற்றமும், நடுவிலும் கீழ்ப்பாகத்திலும் மறை மின்னேற்றமும் சேர்கின்றன. பனிக்கட்டி இல்லாத முகிலில் இவ்வகை மோதலுக்கு இடமில்லை. இதனை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். யூன் மாத மழைக்கு ஏன் குரல் இல்லை என்பது இதிலிருந்து விளங்கும்.

மின்னேற்றம் பெருகிக் காற்றினால் அதனைத் தடுத்து வைக்க இயலாத நிலை வந்ததும் மின்னல் பாய்கின்றது. பெரும்பாலான மின்னல்கள் முகிலுக்குள்ளேயே பாய்ந்து முடிகின்றன. நிலத்துக்கு வருவது, கண்ணுக்குப் புலப்படாத ஒரு பாதையைப் பல பத்து மீற்றர்களாக வெட்டிக்கொண்டு படிபடியாக இறங்கும். அது நிலத்தை அணுகும்போது, நிலத்திலுள்ள உயரமான பொருள்களின் நுனியிலிருந்து மின்பொறிகள் மேல்நோக்கி எழுகின்றன. இரண்டும் சந்தித்த கணத்திலே பேரோட்டம் பாய்கின்றது. அதன் அளவு சராசரி 30,000 அம்பியர். வீட்டுக்கு வழங்கப்படும் சாதாரண மின்னிணைப்பு 30 அம்பியர் என்பதை ஒப்பிட்டுப் பாருங்கள்.

மின்னல் செல்லும் பாதையிலுள்ள காற்று ஏறக்குறைய 30,000 பாகை செல்சியசு வரை சூடேறி வெடித்து விரிகின்றது. அந்த வெடிப்பே இடி. ஆகவே மின்னலும் இடியும் இரு நிகழ்ச்சிகள் அல்ல. ஒளி உடனே வருகின்றது. ஒலி ஒரு கிலோமீற்றரைக் கடக்க ஏறக்குறைய 3 செக்கன் எடுக்கின்றது. மின்னலைக் கண்டபின் இடி கேட்கும் வரை எண்ணி, வந்த தொகையை மூன்றாற் பிரித்தால் மின்னல் எத்தனை கிலோமீற்றருக்கு அப்பால் விழுந்தது என்பது தெரியும். நமது முன்னோர் இடி கேட்டதும் “அர்ச்சுனா, அர்ச்சுனா” என்று சொல்வர். இடியைக் கேட்டவர் அந்த மின்னலுக்குத் தப்பியவர்தாம். கவனிக்க வேண்டியது அடுத்த மின்னலை.

மார்ச் – ஏப்ரல்: இடியின் முதற் பருவம்

மார்ச் மாதத்தில் வடகீழ்ப் பருவக்காற்றுத் தளர்ந்துவிடுகின்றது. தென்மேல் பருவக்காற்று இன்னும் தொடங்குவதில்லை. இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட இக்காலத்தை முதலாம் இடைப்பருவம் என்பர். மேற்காற்று அமைதியாக இருப்பதால் முகில் நேராக உயர்ந்து வளரத் தடையில்லை. சூரியனோ நமது தலைக்கு மேலே வந்து நிற்கின்றான். ஏப்ரல் 5-ஆம் நாளளவில் நாட்டின் தென்முனைக்கும், 7-ஆம் 8-ஆம் நாட்களில் நுவரெலியாவுக்கும், அதன் பின் ஒரு வாரத்துள் வடமுனைக்கும் சூரியன் உச்சிக்கு வருகின்றது. நிலம் ஆண்டில் மிகக் கடுமையாகச் சூடாகும் நாட்களுள் இவை அடங்கும்.

இங்கே மலையின் பங்கு பெரிது. காலை வெயிலில் மலைச்சரிவு விரைவிற் சூடாகின்றது. சரிவைத் தொட்டு நிற்கும் காற்றும் சூடாகி மேலேறுகின்றது. அதன் இடத்தை நிரப்பப் பள்ளத்தாக்கிலிருந்து காற்று மேல்நோக்கி ஓடுகின்றது. கொத்மலை ஓயா, மஸ்கெலி ஓயா, கெகல்கமு ஓயா ஆகியவற்றின் பள்ளத்தாக்குகள் இக்காற்றுக்கு வாய்க்கால்கள் போலப் பயன்படுகின்றன. பத்துப் பதினொரு மணிக்குச் சிகரங்களின்மேல் முதலிற் காணப்படும் சிறு வெண்முகில்கள் இவ்வாறு எழுந்தவையே. நண்பகலின் பின் மேற்குக் கரையிலிருந்து களனிப் பள்ளத்தாக்கின் வழியாகக் கடற்காற்று உள்நோக்கி வருகின்றது. கீழ்க்கரையிலிருந்தும் மற்றொரு கடற்காற்று வருகின்றது. ஈரம் நிறைந்த இக்காற்றுகள் மலைநாட்டில் மலைக்காற்றோடு சேர்ந்து மேலெழும்போது, அதுவரை கோவாப்பூ அளவிலிருந்த முகில்கள் அரை மணி நேரத்திற் கோபுரங்களாகிவிடுகின்றன. வளிமண்டலவியல் திணைக்களத்தின் முன்னறிவித்தல்களில் “பிற்பகல் 2 மணியின் பின்” என்ற சொற்றொடர் இக்காலத்தில் ஓயாது வருவதன் காரணம் இதுவே.

1997-ஆம் ஆண்டு நவம்பர் மாதத்தில் ஏவப்பட்டு 2015 வரை இயங்கிய ட்ரிம் என்ற செய்மதி, அயன நாடுகளின் மின்னல்களை மேலிருந்து எண்ணியது. அதன் பதிவுகளும், இலங்கையில் மின்னல் மிகுந்த மாதம் ஏப்ரல் என்பதையும், மின்னல் மிகுந்த வேளை பிற்பகல் என்பதையும் உறுதிப்படுத்தின. மலையும் நீரும் சேரும் இடத்தில் மின்னல் மிகுவது நமது நாட்டில் மட்டுமன்று. அதே செய்மதியின் கணக்கில் உலகில் மின்னல் மிக அடர்ந்த இடம் வெனிசுவேலா நாட்டின் மரகைபோ ஏரி. அங்கே இரவில் மலைக்காற்று இறங்கி வெப்பமான ஏரியின்மேற் சேர்வதால் இடி இரவில் முழங்குகின்றது. நமக்கோ பகலிற் காற்று மலையேறுவதாற் பிற்பகலில் முழங்குகின்றது. வேளை வேறு, காரணம் ஒன்றே.

ஒரு தனி இடிமுகிலின் ஆயுள் அரை மணி முதல் ஒரு மணி நேரம் வரைதான். முகிலுக்குள் மழையும் பனிக்கல்லும் விழத் தொடங்கியதும் அவை குளிர்ந்த காற்றையும் கீழே இழுத்து வருகின்றன. மழைக்கு முன் திடீரென வீசிக் கோவா இலைகளைப் புரட்டும் குளிர்காற்று அதுவே. அக்காற்று உங்கள் முகத்திற் பட்டால், முகிலின் கீழே நீங்கள் வந்துவிட்டீர்கள் என்பது பொருள். இக்காலத்து இடிமழை இடத்துக்கிடம் மாறும். தலவாக்கலையில் மழை கொட்டும்போது நானுஓயாவில் வெயில் எறிக்கும். நம் பக்கம் மழை இல்லை என்பதால் நமக்கு மின்னலும் இல்லை என்று எண்ணுதல் ஆகாது. மழை விழும் இடத்திலிருந்து 10 கிலோமீற்றருக்கு அப்பாலும் மின்னல் விழக்கூடும்.

மே – செப்தெம்பர்: மழை உண்டு, இடி குறைவு

தென்மேல் பருவக்காற்றுத் தொடங்கும் நாட்களில் சில இடிகள் கேட்கும். அதன்பின் அது நிலைபெற்றுவிட்டால் மேற்குச் சரிவில் இடி அடங்கிவிடுகின்றது. கடலிலிருந்து வரும் ஈரக்காற்று வேகமாக வந்து மலையில் மோதி மேலேறுகின்றது. மழை மிகுதியாகப் பெய்கின்றது. ஆனால் அம்முகில்கள் வெயிலால் எழுந்த கோபுரங்கள் அல்ல. மலையால் தூக்கப்பட்ட தாழ்ந்த திரைகள். முகில் மூடியிருப்பதால் நிலம் சூடாவதுமில்லை. பலத்த மேற்காற்று எந்த முகிலையும் நேராக வளரவிடுவதுமில்லை. ஆகவே அவை பெரும்பாலும் உறைநிலை மட்டத்துக்கு அதிகம் மேலே செல்லாமல், நீர்த்துளிகள் ஒன்றோடொன்று சேர்வதாலேயே மழையாகின்றன. பனிக்கட்டி குறைவு, ஆகவே மின்னேற்றமும் குறைவு.

ஓகஸ்ட் இறுதியிலும் செப்தெம்பர் முதல் வாரத்திலும் சூரியன் மீண்டும் நமக்கு நேர் மேலே வருகின்றது. ஏப்ரலில் உள்ள அதே சூரியன், அதே மலை. ஆயினும் மேற்குச் சரிவில் ஏப்ரல் மாதத்து இடி இல்லை. காற்று இன்னும் ஓயவில்லை என்பதே காரணம். வெயில் மட்டும் இடியைத் தருவதில்லை என்பதற்கு இதனிலும் நல்ல சான்று வேண்டியதில்லை.

ஆனால் மலையின் மறுபக்கத்துக் கதை வேறு. வெலிமடை, பண்டாரவளைப் பக்கங்களில் இப்பருவக்காற்று ஈரத்தை மேற்கே இறக்கிவிட்டு வரண்டு இறங்குகின்றது. அங்கே வெயில் உண்டு. பிற்பகலிற் கீழ்க்கரைக் கடற்காற்று உள்ளே வந்து சேரும் நாட்களில் ஊவாவிலும் கிழக்கிலும் இடிமழை பெய்கின்றது. கந்தப்பளை, இராகலை, வலப்பனைப் பகுதிகளிற் பயிரிடுவோர் மலைமுகட்டை அடுத்திருப்பவர்கள். யூலை மாதத்திலும் அவர்கள் கீழ்வானத்தைப் பார்த்திருத்தல் நன்று.

ஒக்டோபர் – நவம்பர்: இரண்டாம் பருவம்

தென்மேல் காற்றுத் தளர்ந்து வடகீழ்க் காற்றுத் தொடங்குமுன் வரும் இரண்டாம் இடைப்பருவத்தில் இடி மீண்டும் பெருகுகின்றது. ஏப்ரல் மாதத்தைப் போன்றே பிற்பகலில் முகில் எழும். எனினும் ஒரு வேற்றுமை உண்டு. இருபக்கப் பருவக்காற்றுகளும் ஒருங்கும் வலயம் இக்காலத்தில் நமது தீவின்மேல் நிற்கின்றது. வங்காள விரிகுடாவிலே தாழமுக்கங்களும் சூறாவளிகளும் தோன்றுகின்றன. ஆதலால் முகில் பரந்து கிடக்கும். பிற்பகலில் தொடங்கிய இடி இரவிலும் தொடரலாம். நாள்தோறும் பெய்யும் மழையால் மண் ஊறி, இடியைவிட மண்சரிவு பேரிடராகும் காலமும் இதுவே. 2025-ஆம் ஆண்டு நவம்பர் இறுதியில் டித்வா சூறாவளியோடு வந்த மழையில் நுவரெலியா, கண்டி, பதுளை மாவட்டங்களிலே மலைகள் சரிந்தமையை மறந்தவர் எவருமிலர்.

டிசெம்பர் முதல் பெப்ரவரி வரை வடகீழ்க் காற்றுக் கீழ்ச்சரிவில் மழையைத் தருகின்றது. காற்றுக் குளிர்ந்தது; நிலமும் அதிகம் சூடாவதில்லை; இடி அரிது. சனவரி, பெப்ரவரி மாதங்களின் தெளிந்த இரவுகளில் நுவரெலியாக் கமக்காரருக்குக் கவலை தருவது மின்னலன்று, உருளைக்கிழங்குச் செடியைக் கருக்கும் உறைபனியே.

இடிமழை பயிருக்கு உரமா?

இடியோடு பெய்த மழையிற் பயிர் பச்சைப் பிடிக்கும் என்பது கமக்காரர் கண்ட உண்மை. மின்னலின் வெப்பத்திற் காற்றிலுள்ள நைதரசன் ஒட்சிசனுடன் சேர்ந்து, மழைநீரிற் கரைந்து, பயிர் கொள்ளக்கூடிய நைத்திரேற்றாக நிலத்தை அடைகின்றது. இது மெய். ஆனால் அதன் அளவு சிறிது. ஓராண்டு முழுவதிலும் ஒரு ஹெக்டேயருக்கு மின்னல் தருவது சில கிலோகிராமை எட்டுவதே அரிது. 50 கிலோகிராம் யூரியா மூடையொன்றில் 23 கிலோகிராம் நைதரசன் இருக்கின்றது. அப்படியாயின் பச்சை எங்கிருந்து வருகின்றது? அதன் பெரும்பகுதி மண்ணிலிருந்தே வருகின்றது. சனவரி முதல் காய்ந்து கிடந்த மண் நனைந்ததும், அதிலுள்ள நுண்ணுயிர்கள் உயிர்த்தெழுந்து இலைமக்கை விரைவாகச் சிதைத்து நைதரசனை வெளிவிடுகின்றன. கிழக்காபிரிக்காவில் ஆராய்ச்சி செய்த பேர்ச் என்பவர் 1958-ஆம் ஆண்டில் இதனை விளக்கி எழுதினார். ஆகவே இடிக்குக் கொடுக்கும் புகழிற் பாதிக்கு மேல் உங்கள் மாட்டெருவுக்கும் கூட்டெருவுக்கும் உரியது.

இடிமழைக்கு இன்னொரு முகமும் உண்டு. பெருந்துளிகள் குறுகிய நேரத்தில் வேகமாக விழுவதால், புதிதாகக் கொத்திய சரிவில் மேல்மண் ஒரே பிற்பகலில் அடிபட்டுப் போய்விடும். மார்ச் தொடங்குமுன்னரும் செப்தெம்பர் முடிவிலும் சமவுயரக் கான்களைத் துப்புரவாக்குங்கள். பாத்திகளைச் சரிவுக்குக் குறுக்கே அமையுங்கள். நாற்று நட்ட பாத்திக்கு மூடுபடை இடுங்கள். முகில் எழும் பிற்பகலில் யூரியா தூவாதீர்கள்; இட்ட உரம் ஓயாவுக்குப் போய்ச் சேரும்.

வயலிலும் மலையிலும் நேரும் ஆபத்து

சமவெளியிலுள்ள கமக்காரர் இடிமுகில் வருவதைத் தூரத்திலேயே காண்பர். மலைநாட்டவருக்கு அவ்வசதி இல்லை. எதிரிலுள்ள மலைமுகடு முகிலை மறைக்கின்றது; இடியோசையையும் தடுத்துக் குறைக்கின்றது. முகடு தாண்டித் தெரியும்போது முகில் தலைக்கு மேலே நிற்கின்றது. ஆகையால், மின்னலுக்கும் இடிக்கும் இடையில் 30 செக்கன் எண்ணுமுன் இடி கேட்டால் ஒதுங்குக என்பது பொது விதியாயினும், நமது மலைகளில் இடி எவ்வளவு மெல்லெனக் கேட்டாலும் வேலையை விட்டு ஒதுங்குவதே அறிவுடைமை. கடைசி இடி கேட்டு 30 நிமிடம் கழியுமுன் மீண்டும் இறங்கலாகாது. மழை விட்டதும் உடனே கிழங்கு தோண்டச் செல்வோர் பலர். முகிலின் பின்புறத்திலிருந்தும் மின்னல் விழுவதுண்டு.

இதனினும் மேலானது வேலைநேரத்தை மாற்றுதல். மார்ச், ஏப்ரல், ஒக்டோபர், நவம்பர் மாதங்களில் முகட்டு நிலங்களிலும் திறந்த சரிவுகளிலும் செய்யும் வேலையை விடியற்காலையில் தொடங்கி நண்பகலுக்குள் முடித்துக்கொள்ளுங்கள். மருந்து தெளித்தல், களையெடுத்தல், கோவாவும் லீக்சும் வெட்டுதல் ஆகியன காலைக்குரியன. அறுவடை செய்தவற்றைக் கழுவித் தரம் பிரித்து மூடை கட்டும் வேலையைப் பிற்பகலுக்குக் கூரையின் கீழ் வைத்துக்கொள்ளலாம். கொத்மலை, வலப்பனை, ஹங்குராங்கெத்தப் பகுதிகளிற் படிவயல் செய்வோரும் அவ்வாறே. பிந்திய பெரும்போக அறுவடையும் சிறுபோக உழவும் இம்மாதங்களில் வருவதால், பிற்பகலில் வெளியில் நிற்க நேருகின்றது என்பதை நாம் அறிவோம். நீர் நிற்கும் வயலிலே மனிதனே உயரமான பொருள் என்பதை மட்டும் மறவாதீர்கள்.

மரத்தின் கீழ் ஒதுங்குதல் பெருந்தவறு. தேயிலை மலையிலே நிழலுக்காக நட்ட சவுக்கு மரங்கள் தேயிலைக்கு மேலே தனித்து உயர்ந்து நிற்கின்றன. மின்னல் மரத்தில் விழுந்தபின் அதனினும் எளிதான வழியாக அருகில் நிற்பவர்மீது பாய்கின்றது. சுவரற்ற கொழுந்து மடுவமும், பொலித்தீன் கூடமும், காவற்குடிலும் மழையிலிருந்து காக்கும். மின்னலிலிருந்து காக்க மாட்டா. நாற்புறமும் சுவருள்ள வீடு, பாடசாலை, தொழிற்சாலை என்பன நல்ல இடங்கள். கண்ணாடி ஏற்றிய பேருந்தும், மேற்பாகம் மூடிய உலோக லொறியும் நல்லனவே. முச்சக்கர வண்டியும் இருசில்லு உழவு இயந்திரமும் பயனில.

மண்வெட்டி இரும்பாதலால் மின்னலை இழுக்கும் என்று பலர் நம்புகின்றனர். மின்னல் தேடுவது இரும்பையன்று, உயரத்தை. தோளில் நிமிர்த்தி வைத்த மண்வெட்டி உங்கள் உயரத்தைக் கூட்டுவதாலே தீங்கானது. கீழே வைத்த மண்வெட்டியால் தீங்கில்லை. ஆனால் கம்பி வேலியும், நீர்க்குழாயும், பம்பியின் நீண்ட இரும்புக் குழாயும் எங்கோ விழுந்த மின்னலை உங்களிடம் கொண்டுவரக்கூடியவை. அவற்றைத் தொடாதீர்கள்.

ஒதுங்க இடமில்லாதவர் முகட்டை விட்டு இறங்கி, மரங்களிலிருந்து விலகி, தேயிலைச் செடிகளுக்கிடையே கால்கள் இரண்டையும் சேர்த்துக் குந்தியிருத்தல் வேண்டும். படுத்தலாகாது. நிலத்தில் விழுந்த மின்னோட்டம் மண்ணிற் பரவும்போது, அகன்ற இரு கால்களுக்கிடையே மின்னழுத்த வேறுபாடு உண்டாகின்றது. மாடுகள் மின்னலில் எளிதில் இறப்பதன் காரணம் இதுவே: முன்னங்காலுக்கும் பின்னங்காலுக்கும் இடையே தூரம் மிகுதி, நடுவே இருதயம் இருக்கின்றது. கறவைப் பசுவை இம்மாதங்களிற் பிற்பகலில் முகட்டிலோ தனிமரத்திலோ கட்டி வைக்காமல் தொழுவத்துக்குக் கொண்டுவாருங்கள். பலர் ஒன்றாக வேலை செய்தால் நெருங்கி நில்லாமல் விலகியிருங்கள். ஒருவருக்கு நேர்ந்தால் மற்றவர் உதவ இயலும்.

வீட்டினுள்

தகரக் கூரையுள்ள லயத்தினுள் இருப்பது வெளியில் இருப்பதிலும் மேலானது. ஆயினும் வாசலிலும் யன்னலருகிலும் நிற்க வேண்டாம். ஈரச் சுவரிற் சாய வேண்டாம். குழாயடியிற் குளிக்கவோ துணி துவைக்கவோ வேண்டாம். தொலைக்காட்சி, அதன் அன்ரனாக் கம்பி, மின்னேற்றிகள் ஆகியவற்றை இடி தொடங்குமுன்னரே கழற்றிவிடுங்கள். இடி இடிக்கையிற் கழற்றுவது ஆபத்து. கம்பித் தொலைபேசியைத் தவிர்க்க. மின்னேற்றியில் இணைக்காத கைத்தொலைபேசியால் ஆபத்தில்லை. வீட்டின் எர்த் கம்பி மண்ணோடு சரியாக இணைந்துள்ளதா என்பதை மார்ச் மாதத்துக்கு முன் தகுதி பெற்ற மின்னாளரைக் கொண்டு பார்த்துவைத்தல் நன்று.

ஒருவரை மின்னல் தாக்கினால்

மின்னல் தாக்கியவர் உடலில் மின்சாரம் தங்கியிருக்கும், தொட்டால் நம்மையும் அடிக்கும் என்ற அச்சத்தினால் உதவாது நின்றுவிடுவோர் உளர். உடலில் மின் தங்குவதேயில்லை; உடனே தொடலாம். தாக்கப்பட்டோர் எல்லாரும் இறப்பதுமில்லை. அசைவற்று மூச்சின்றிக் கிடப்பவருக்கும் இருதயத்தை மீண்டும் இயக்கினால் உயிர் திரும்பக்கூடும். பலர் ஒருங்கே தாக்கப்பட்டிருந்தால், முனகுபவரை விட்டு, மூச்சற்றுக் கிடப்பவரையே முதலிற் கவனியுங்கள். அவரை மல்லாக்கக் கிடத்தி, மார்பின் நடுவே இரு கைகளையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து, நிமிடத்துக்கு 100 முதல் 120 தடவை வரை, 5 சென்ரிமீற்றர் ஆழத்துக்கு அமுக்குங்கள். பழகியவர் 30 அமுக்கலுக்கு இருமுறை வாயோடு வாய் வைத்து மூச்சூதலாம். மற்றொருவர் 1990 என்ற இலக்கத்துக்கு அழைத்து நோயாளர் வண்டியை வரவழைக்கட்டும், அச்சேவைக்குக் கட்டணமில்லை. தோட்டத்தின் பெயரையும், பிரிவையும், வண்டி வந்து நிற்கக்கூடிய வீதியையும் தெளிவாகச் சொல்லி, அவ்வீதிக்கு ஓர் ஆளை அனுப்பி நிறுத்துங்கள். வண்டி வந்து சேரும் வரை அமுக்குவதை நிறுத்தாமல், களைத்தவர் மாறி மாறிச் செய்யுங்கள். தாமே எழுந்து நடப்பவரையும் வைத்தியசாலைக்கு அனுப்புங்கள். காதுச் சவ்வு கிழிதலும் இருதயக் கோளாறும் சில மணி நேரம் கழிந்தே தெரிய வருவதுண்டு.